'கட்' சொன்ன பிறகு டீச்சர் சிரித்த சிரிப்பு

போன வருடம் தீபாவளிக்கு அடுத்த வாரம், ஒரு திங்கட்கிழமை மாலை, மலேசியாவின் கூலாய் நகரில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் டீச்சர் செத்துப்போனார்.

பயப்படாதீர்கள். டீச்சர் எங்களுக்குச் சொந்தம் இல்லை. அப்போது வாரநாட்களில் ஏழரை மணிக்கு ஓடிக்கொண்டிருந்த உள்ளூர்த் தொடரின் கதாநாயகி. தமிழ்ப்பள்ளி ஆசிரியை வேடம் என்பதால் எல்லாரும் 'டீச்சர்' என்றே சொல்வோம். அவருடைய நிஜப் பெயர்கூட எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஆனால் அம்மாவுக்கு அவர் சொந்தம்தான். அம்மாவுக்கு மார்பில் கட்டி. அறுவைச் சிகிச்சை முடிந்து, ஜோகூர் பாருவில் கீமோ போய்க்கொண்டிருந்தது. கதையில் டீச்சருக்கும் அதே நோய், அதே கீமோ. இரண்டும் ஒரே வேகத்தில் போனதால், தொடர் எடுப்பவர்களுக்கும் நம் டாக்டருக்கும் உள்ளே ஏதோ பேச்சுவார்த்தை இருக்கிறது என்று அப்பா கேலி செய்வார். டீச்சர் தலையில் துணியைக் கட்டி இடது காதுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டால், மறுநாள் அம்மாவின் முடிச்சும் அங்கேதான் இருக்கும். டீச்சர் வாந்தி எடுத்து இஞ்சித் தண்ணீர் குடித்தால், எங்கள் வீட்டிலும் இஞ்சி தட்டும் சத்தம் கேட்கும். அம்மா தினமும் சொல்லும் ஜெபமாலையில், நோயாளிகளுக்காக வேண்டும் இடத்தில் டீச்சரையும் சேர்த்திருந்தார். "கதையில வர்றவங்களுக்கு எல்லாம் ஜெபம் பண்ணலாமாம்மா?" என்று கேட்டதற்கு, "கேக்கிறவருக்குத் தெரியும், நீ சும்மா இரு லா" என்றார்.

அப்படிப்பட்ட டீச்சர் அன்றைக்கு வகுப்பறையில் மயங்கி விழுந்தார். விளம்பர இடைவேளை வந்தது. முடிந்து பார்த்தால் நடுவீட்டில் மாலையோடு படுத்திருந்தார், மூக்கில் பஞ்சு.

ஊர் கொதித்துப் போனது. பக்கத்து வீட்டு ஆண்ட்டி அந்தக் காட்சி முடிந்ததும் நேராகப் போய்த் தலைக்குக் குளித்துவிட்டார். "சாவைப் பாத்துட்டு அப்படியே சோறு திங்க முடியுமா?" என்று ஈரத்தலையோடு வேலிக்கு மேல் எட்டிக் கேட்டார். முகநூலில் ஒருவர், இந்த நிமிடத்தோடு அந்தச் சேனலுக்குச் சந்தா கட்டுவதை நிறுத்துகிறேன் என்று சபதம் போட்டார். மறுநாள் அன்றைய காட்சியை வரிக்கு வரி திட்டி எழுதியதும் அவர்தான்.

நான் என்ன செய்தேன்? எனக்கு இதெல்லாம் உயிர். கல்லூரியில் ஊடகம் படிக்கிறேன், தொடர்களைப் பற்றிப் பேசுவதற்கென்றே சின்னதாக ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். முக்கியப் பாத்திரத்தை ஏன் கதையிலிருந்து வெளியே அனுப்புகிறார்கள் என்று மடமடவென்று ஒரு காணொளி பேசிப் போட்டேன். ஒப்பந்தம் முடிந்திருக்கும், சம்பளத்தில் தகராறு வந்திருக்கும், சினிமா வாய்ப்பு வந்திருக்கும், பார்வையாளர்கள் குறைந்தால் ஒரு சாவு வைத்து இழுப்பார்கள், இப்படி. என் காணொளிகளிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான். துள்ளிக் குதித்துக்கொண்டு அம்மாவிடம் காட்டப் போனேன்.

அம்மா ஒரு பையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு கீமோவுக்கும் எடுத்துப் போகும் பை அது. போர்வை, புளிப்பு மிட்டாய், வெந்நீர்ப் புட்டி எல்லாம் எப்போதும் தயாராக அதில் இருக்கும், கதவுக்குப் பக்கத்திலேயே தொங்கும். போர்வையை மடித்து அலமாரிக்குள் வைத்தார்.

"அடுத்த வியாழக்கிழமை போகணுமேம்மா?"

"போகல. ஒடம்பு முடியல. விடு."

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். காணொளியில் பேசியதையெல்லாம் திரும்பவும் அவரிடம் பேசினேன். அது கதை, அந்த நடிகைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏதோ ஒப்பந்தப் பிரச்சினையாக இருக்கும், அவ்வளவுதான் என்றேன். அம்மா கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை.

"கதைன்னு எனக்குத் தெரியாதா? கதையில என்ன வேணும்னாலும் எழுதலாம் இல்ல? அதுலயே அவளப் பொழைக்க வைக்க முடியல. அப்புறம் நெசத்துல என்ன?"

காட்டக் கொண்டுபோன காணொளியை அப்படியே அணைத்துவிட்டேன்.

அப்பா சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் பேருந்து ஓட்டுகிறார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். அம்மாவிடம் இரண்டு முறை கேட்டுப் பார்த்தார். இரண்டு முறையும் அம்மா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். "டாக்டர் சொல்லிட்டாரு, நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு" என்று அப்பா என்னிடம் சொன்னபோது அவர் குரலே வேறாக இருந்தது.

சும்மா இருக்க என்னால் முடியாது. தொடரின் பக்கத்துக்குச் செய்தி அனுப்பினேன். ஆயிரம் வசைகளுக்கு நடுவே அது எங்கே போய் விழுந்ததோ. பழைய படப்பிடிப்புக் காணொளிகளை ஓட்டி ஓட்டிப் பார்த்ததில், டீச்சர் வீடு என்று காட்டுகிற வீடு பொந்தியானில் கடலோரமாக இருப்பது தெரிந்தது. சனிக்கிழமை காலை அப்பாவின் காரை வாங்கிக்கொண்டு, பெக்கான் நானாஸ் வழியாக, அன்னாசிக் கடைகளைக்கூடப் பார்க்காமல் ஓட்டினேன். போய் என்ன கேட்பது என்று பொந்தியான் வரும்வரை தெரியாது. செத்தவரைத் திரும்ப எழுப்புங்கள் என்றா?

வீட்டு வாசலில் விளக்குகளும் வயர்களுமாகப் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. கையில் காகிதக் கட்டோடு ஓர் அக்கா வந்தார். உதவி இயக்குநர். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"திட்ட வந்தீங்களா? நேத்து பத்துப் பகாட்லருந்து ஒரு குடும்பமே வேன்ல வந்து திட்டிட்டுப் போச்சு. சீக்கிரம் திட்டிருங்கமா, அடுத்த ஷாட் இருக்கு."

அவருக்குப் பின்னால் சுவரில் டீச்சரின் படம் மாலையோடு தொங்கியது. அதற்குக் கீழே யாரோ கைப்பேசியை மின்னேற்றப் போட்டிருந்தார்கள். என்னவோ அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டு வாங்கக் காத்திருந்த அக்கா பயந்துபோய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அம்மா, பை, வியாழக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் காகிதக் கட்டைக் கீழே வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். பிறகு, கதாசிரியர் முதலில் எழுதி வைத்திருந்தது வேறு என்றார். டீச்சர் குணமாகிப் பள்ளிக்கூடம் திரும்புவார், பிள்ளைகள் வாசலில் நின்று கைதட்டுவார்கள். அந்த நடிகையால் திடீரென்று நடிக்க முடியாமல் போனது. வேறு நடிகையைப் போட்டால் ஜனங்கள் ஏற்க மாட்டார்கள். வெளியூருக்கு அனுப்பலாமென்றால், பாதிக் கீமோவில் இருக்கும் நோயாளியை எந்த ஊருக்கு அனுப்புவது? வேறு வழி தெரியாமல் ஒரே ராத்திரியில் கதையை மாற்றி, அவர் கிளம்புவதற்கு முன் அந்தச் சாவை மட்டும் எடுத்தார்களாம்.

"ஏன் நடிக்க முடியாமப் போச்சு?"

"அத நான் சொல்லக் கூடாது. இருங்க." கைப்பேசியை எடுத்துக்கொண்டு கொய்யா மரத்தடிக்குப் போய்ப் பேசினார். திரும்பி வந்து என் கையில் கொடுத்தார்.

தினமும் கேட்ட அதே குரல். ஆனால் கீச்சென்று, வேகமாக. "தங்கச்சி, நான் நல்லா இருக்கேன் லா. சாஆங்கிற ஊர்ல எங்கம்மா வீட்டுல படுத்திருக்கேன். வயித்துல பாப்பா. அசையக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கார்லகூட ஏற விடல, இல்லேனா நானே வந்திருப்பேன். நாளைக்கு வீடியோ கால் பண்றேன். அம்மாகிட்ட முன்னாடியே சொல்லாதீங்க, ஆனா அக்காகிட்ட அந்தச் சிரிப்பை வாங்கிட்டுப் போங்க."

"எந்தச் சிரிப்பு?"

அங்கேதான் என் ஊடகப் படிப்பில் இல்லாத ஒன்றைத் தெரிந்துகொண்டேன். பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்து போக விடமாட்டார்களாம். 'கட்' சொன்ன பிறகும் கேமராவை ஓடவிட்டு, கண்ணைத் திறந்து சிரிக்கச் சொல்வார்களாம். அந்த ஆளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக. கடைசியாகப் பதிவாவது சாவாக இருக்கக் கூடாது. ஒளிபரப்பில் அந்தத் துண்டு வராது, ஆனால் எடுக்காமல் விடுவதில்லை. நடிகை சம்மதித்ததால், யாருக்கும் அனுப்பக் கூடாது என்ற சத்தியத்தோடு அதை என் கைப்பேசிக்கு ஏற்றிக் கொடுத்தார் அந்த அக்கா.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, அம்மா மேசையில் நெத்திலி தலை கிள்ளிக்கொண்டிருந்தார். எதிரில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து அந்தத் துண்டை ஓடவிட்டேன்.

டீச்சர் மாலையோடு கிடக்கிறார். நாங்கள் பார்த்த அதே காட்சி. "கட்" என்கிறது ஒரு குரல். "சிரிங்கமா!" டீச்சரின் கண் திறக்கிறது. ஒரு மூக்கிலிருந்த பஞ்சை உருவுகிறார், இன்னொன்றை எடுப்பதற்குள் தும்மல் வந்து அதுவே பறக்கிறது. சுற்றியிருந்தவர்கள் சிரிக்க, அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். "அலமாக், பசிக்குது! மீ கோரெங் வந்திருச்சா இல்லையா?" எழுந்து உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்க்கிறார். உள்ளே அழுத்திக் கட்டிய கருகருவென்ற கூந்தல் தோளில் சரிகிறது.

அம்மா சிரிக்கவில்லை. கை தானாகத் தன் தலைத்துணியைத் தொட்டது. "முடி எல்லாம் இருக்கு" என்றார் மெதுவாக.

ஆறுதல் என்று எதைக் கொண்டுவந்து காட்டிவிட்டேன்? கைப்பேசியை எடுத்து மறைக்கப் போனபோது அது ஒலித்தது. சாஆவிலிருந்து அழைப்பு.

திரையில் டீச்சர். தலைக்குத் தலையணை, காலுக்கு இரண்டு தலையணை. முகத்தில் பூச்சு இல்லை, கண்ணுக்குக் கீழே கருமை. "அம்மா, வணக்கம். என்னைச் சாகடிச்சதுக்குக் கோவமா?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏன்மா இப்படி வெளுத்துக் கெடக்கிற?"

அவ்வளவுதான். அந்தப் பக்கம் கீச்சுக் குரல் உடைந்துவிட்டது. இதற்கு முன்னால் இரண்டு தடவை பாப்பா தங்கவில்லை என்றார். அதனால்தான் பாதியில் வேலையை விட்டதாகவும், வெளியே சொன்னால் கண்பட்டுவிடும் என்று யாரிடமும் சொல்லவில்லை என்றும், முகநூலில் எல்லாரும் திமிர் பிடித்தவள், பணத்துக்காகப் போனவள் என்று எழுதுவதைப் படுத்துக்கொண்டே படிப்பதாகவும் சொன்னார். என் காணொளியிலும் அந்தச் சம்பளத் தகராறு இருந்தது. அன்று மாலையே அதை எடுத்துவிட்டேன்.

அம்மா கையைத் துடைத்துவிட்டுக் கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "தெனமும் ஒனக்காக ஜெபம் பண்ணினேன். எல்லாம் தப்பான வியாதிக்குப் பண்ணிட்டேன் போல" என்றார். அழுதுகொண்டிருந்த டீச்சர் களுக்கென்று சிரித்தார். கைப்பேசிக்குள் சற்று முன் பார்த்த அதே சிரிப்பு. அதற்குப் பிறகு என்னை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். என்ன சாப்பிட்டாய், எத்தனை முறை வாந்தி, இஞ்சியைத் தட்டிப் போடுகிறாயா கொதிக்க வைக்கிறாயா என்று அம்மா கேட்டுக்கொண்டே போனார். படுத்தே கிடக்கப் பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் அம்மாவின் முதுகு நிமிர்ந்தது.

"பயமா இருக்கும். எனக்கும்தான் இருக்கு. நீ அசையாமப் படு. நான் வியாழக்கிழமை போறேன். போய் ஊசி ஏறும்போது ஒனக்கு போன் பண்றேன். நீ எழுந்து நடந்தேன்னு தெரிஞ்சா நானும் ஊசியப் புடுங்கிட்டு வந்துருவேன், ஆமா."

"சத்தியமா அசைய மாட்டேன்மா."

அலமாரியிலிருந்து போர்வை மறுபடி பைக்குள் போனது. அப்பா வியாழக்கிழமைக்கு விடுப்பு எடுத்தார். மருத்துவமனையில் மருந்து சொட்டச் சொட்ட இருவரும் பேசினார்கள். அடுத்த கீமோவுக்கும், அதற்கடுத்ததற்கும் அப்படியே. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் "டீச்சரா அது? செத்துட்டாங்கன்னாங்களே!" என்று எட்டிப் பார்ப்பார்கள். அம்மா பெருமையாகக் கைப்பேசியைத் திருப்பிக் காட்டுவார்.

ஜூன் மாதம் சாஆவில் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்கும் விருந்துக்கு நாங்கள் மூவரும் போனோம். அம்மா துணி கட்டாமல், பையன்களைப் போலக் குட்டையாக முளைத்திருந்த தலைமுடியோடு வந்தார். குழந்தை அதைத்தான் முதலில் பிடித்து இழுத்தது. "பாருங்க, பிடிக்கிற அளவுக்கு வந்திருச்சு!" என்று கத்தினார் டீச்சர்.

அம்மாவுக்குக் கீமோ முடிந்தாலும் இன்னும் பரிசோதனைகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை முடிவு வரும்வரை வீட்டில் யாருக்கும் சரியாகச் சோறு இறங்காது. ஆனாலும் பை கதவருகிலேயே தொங்குகிறது. நான் இப்போதும் தொடர்களைப் பற்றிப் பேசுகிறேன். யாரையாவது கதையிலிருந்து அனுப்பிவிட்டால், காரணம் எனக்குத் தெரியாது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் தொடங்குகிறேன். தொலைக்காட்சியில் எந்தப் பாத்திரம் செத்தாலும் பக்கத்து வீட்டு ஆண்ட்டி குளிக்கப் போய்விடுகிறார். எங்கள் வீட்டில் அம்மா மட்டும் நாற்காலியின் நுனிக்கு வந்து, "இந்நேரம் கட் சொல்லியிருப்பாங்க, சிரிச்சிருப்பா" என்கிறார். நமக்குக் காட்டாமல் நிறுத்திய இடத்துக்குப் பிறகும் ஒரு காட்சி இருக்கும் என்று, பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கும் நாட்களில் நான் நம்புவதற்கு அந்த ஒரு வரி போதுமாக இருக்கிறது.