மார்ச்சில் விதைத்த டேலியா

என் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்கும் சொல்தா. பிரெஞ்சில் அச்சடித்திருந்தால் போதும், சோப்பு உறைகூட அவருக்கு வேதவாக்கு. பாரிஸில் இருக்கும் என் நாத்தனார் ஒரு டேலியா விதைப் பாக்கெட் அனுப்பினாள். மேலே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பூ. பின்னால், மார்ச் மாதம் விதைக்கவும் என்று போட்டிருந்ததாம்.

"மாமா, அது அந்த ஊர்க் குளிருக்கு எழுதினது. நம்ம மூலக்குளத்துல மார்ச்சுல போட்டா கத்திரி வெயில்ல கருகிடும். ஐப்பசி வரட்டும்" என்றேன். நான் விவசாயக் குடும்பத்துப் பெண். நாற்று விடும் பருவம் எனக்குத் தெரியாதா?

கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். "உனக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியுமா?"

தெரியாது. பேச்சு முடிந்தது. கல்யாணமாகி ஒன்பது வருஷம், அந்த வீட்டில் என் பேச்சு ஒருமுறைகூட எடுபட்டதில்லை. இதிலாவது எடுபட்டே ஆகவேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது. பாதி விதையைக் காகிதத்தில் மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

மார்ச்சில் வாசல் தொட்டிகளில் விதைத்தார். முளைத்ததும் ஒவ்வொரு நாற்றையும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மே மாதம் அத்தனையும் அப்பளம். "இன்னும் விதை மண்ணுக்குள்ள கெடக்கு. நேரம் வந்தா வரும்" என்றார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

ஐப்பசியில் என் பங்கை அதே தொட்டிகளில் போட்டு, மழை அடிக்காமல் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தினேன். வேறு தொட்டி வாங்காத என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும். தை மாதம் பூத்தது. தட்டு அகலமெல்லாம் இல்லை, டீ சாசர் அளவுதான். ஆனாலும் சிவப்பும் மஞ்சளுமாக வாசலே நிறைந்தது.

மாமனார் கோட்டு மாட்டி, மெடல் குத்தி, பூவுக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். எடுத்தது நான்தான். மகளுக்கு போன் போட்டு, "பாக்கெட்ல சொன்னபடி மார்ச்சுலதாம்மா போட்டேன். கொஞ்சம் லேட்டு, அவ்ளோதான்" என்றார்.

"மாமா, அது நான் ஐப்பசியில போட்ட விதை."

"அட, போம்மா!" என்று சிரித்தார்.

அப்பாவின் கைராசியை மெச்சி நாத்தனார் அடுத்து இரண்டு பாக்கெட் அனுப்பினாள். இந்தத் தடவை நான் ஒரு விதையைக்கூட ஒளித்துவைக்கவில்லை. மார்ச் பிறந்ததும் பூவாளியில் தண்ணீர் பிடித்து நானே அவர் கையில் கொடுத்தேன்.