கரியரில் அறுபத்தொரு கிலோ

செப்ரெம்பர் ஏழாம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி பத்து நிமிடம். சுவிஸின் பீல் நகரில் பதினான்கு பாகை. மெல்லிய மேகம், மேற்கிலிருந்து இலேசான காற்று. மழைக்கு இருபது வீத வாய்ப்பு என்று ரெலிபோன் சொன்னது. இருபது வீதம் என்றால் ஐந்தில் ஒன்று. சின்ன எண்ணா அது? மழைக்கோட்டு இரண்டு எடுத்துக்கொண்டேன்.

புறப்பட்டது நானும் என் மனைவி பவளமும். அவளுடையது பற்றரியில் ஓடும் சைக்கிள். என்னுடையது என் காலில் ஓடுவது. ஆரே ஆற்றங்கரை வழியாக ஊர் ஊராகச் சோலோதுர்ன் வரை சைக்கிளில்... திரும்பி வருவது படகில். என் கணக்கில் இருபத்தெட்டு கிலோமீற்றர்.

வயதான இரண்டு பேர் பொழுதுபோக்காகப் போகிறார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இது பந்தயம்.

பெப்ரவரியில் பவளத்துக்கு வலது முழங்காலை மாற்றினார்கள். அன்றிலிருந்து அவளுடைய சைக்கிள் நிலவறையில் நின்றது. நிற்கிற ஒவ்வொரு மாதமும் பற்றரி கிழடாகிறது, விலை இறங்குகிறது. ஊஸ்டரில் இருக்கும் சிறீ என்ற தம்பி ஆயிரத்து நூறு பிராங்குக்குக் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வந்து ஏற்றிக்கொண்டு போகும்படி சொல்லிவிட்டேன்.

பவளத்திடம் அதைப் புதன்கிழமைதான் சொன்னேன். லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"என்ர சைக்கிளையோ?"

"ஓம். நீர் இனி ஓட மாட்டீர்தானே."

"ஆர் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. காலுக்குப் பயிற்சி கொடுத்த பெண், சைக்கிள் ஓடுவது முழங்காலுக்கு நல்லது என்றுகூடச் சொல்லியிருந்தாள். ஆனால் அவளுக்கு வயது இருபத்தாறு. இருபத்தாறு வயதில் முழங்காலைப் பற்றி என்ன தெரியும்?

பவளம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தவள். விடியப்புறம் பனியிலும் சைக்கிளில்தான் போவாள். இந்த ஏழு மாதமும் கடைக்குப் போவதென்றாலும் பஸ்ஸுக்கு நிற்கவேண்டும், அல்லது என்னைக் கேட்கவேண்டும். இரண்டில் எது அவளுக்குப் பெரிய தண்டனை என்று நான் விசாரிக்கவில்லை.

"சனிக்கிழமை சோலோதுர்ன் வரைக்கும் ஓடிக் காட்டுறன்," என்றாள். "ஓடி முடிச்சா சைக்கிள் எனக்கு. ஒரு மீற்றர் குறைஞ்சாலும் ஞாயிற்றுக்கிழமை குடுங்கோ. நான் வாய் திறக்கமாட்டன்."

ஒப்புக்கொண்டேன். வெல்லப்போவது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அதுதான் கவலையாகவும் இருந்தது. நடுவழியில் அந்த முழங்கால் மடங்கினால்? ஆகவே என் பையில் அவளுக்காக நோவுக்குக் குளிசை, முழங்கால் பட்டி, குளிர்ப்பொதி, வைத்தியசாலை அட்டை எல்லாம் கட்டினேன். பை மட்டும் ஆறு கிலோ.

பாதை சமதரை. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சோளம். இங்கே ஊர்களுக்குள் போனால் எதிரே வருகிறவருக்கு வணக்கம் சொல்லவேண்டும். பவளம் மனிதருக்குச் சொன்னாள், நாய்களுக்குச் சொன்னாள், ஒரு மாட்டுக்கும் சொன்னாள். பூரென் என்ற ஊரில் கூரை போட்ட மரப்பாலத்தில் இறங்கி நின்று தண்ணீர் பார்த்தாள். ஆளில்லாத தோட்டக்கடையில் காசுப்பெட்டிக்குள் காசைப் போட்டு ஒரு பை பிளம்ஸ் வாங்கினாள். அரைமணிக்கு ஒரு நிற்பு! படகு மூன்று மணிக்கு என்பது எனக்கு மட்டும்தான் ஞாபகம்.

நான் என் சைக்கிளில் அவளுக்குப் பின்னால் ஓடினேன். விழுந்தால் பிடிக்கவேண்டுமல்லவா?

"முழங்கால் எப்பிடி?" கிலோமீற்றருக்கு ஒரு தடவை கேட்டேன்.

"அதுக்கு ஒண்டுமில்லை. உங்கட வாய்க்குத்தான் ஓய்வில்லை."

மதியம் அல்ட்ரொய் கிராமம். கூரைகளில் செங்கால் நாரைகள் கூடு கட்டும் ஊர் அது. பெரும்பாலானவை ஏற்கெனவே தெற்கே போய்விட்டன. ஒன்று மட்டும் ஒரு கூரை முகட்டில் ஒற்றைக்காலில் நின்றது. அதன் கீழே இருந்து பாணும் சம்பலும் சாப்பிட்டோம். எழுந்து என் சைக்கிளில் காலைப் போட்டேன்...

இடது கெண்டைக்கால் கல்லாக இறுகியது. ஐயோ என்று கத்திவிட்டேன். நாரை பறந்துவிட்டது.

பவளம் உருவிவிட்டாள். நீவிவிட்டாள். பத்து நிமிடத்தில் நடக்க முடிந்தது. பெடலை மிதித்தால் மறுபடி இறுகியது. பைக்குள் தேடினேன். எல்லாம் முழங்காலுக்கு. கெண்டைக்காலுக்கு ஒன்றுமில்லை. கவலைப்படுகிற ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். அடுத்தவரின் வருத்தத்துக்கு மட்டும் பை கட்டிவிட்டு வீட்டைப் பூட்டுகிறோம்.

"பவளம், படகு இஞ்சையும் நிக்கும். இதிலயே இருந்து ஏறுவம்."

"இன்னும் எவ்வளவு தூரம் சோலோதுர்னுக்கு?"

"ஏழு, ஏழரை."

"அப்ப ஏழரை குறையும். நாளைக்குச் சிறீ வந்து நிப்பான். நல்ல விளையாட்டு! நீங்கள் இருங்கோ, நான் ஓடிப்போட்டுப் படகில வாறன்."

"உம்மைத் தனிய விடுறதோ? வழியில ஏதும் நடந்தா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் சைக்கிளின் பின்பக்கக் கரியரைப் பார்த்தாள்.

"என்ர சைக்கிளை இதில பூட்டிப்போட்டு..." என்று தொடங்கினேன்.

"ஓம். படகு வரேக்க ஏத்தலாம். இப்ப ஏறுங்கோ."

கரியரில் எழுதியிருந்தது: அதிகூடிய பாரம் இருபத்தேழு கிலோ. நான் அறுபத்தொன்று. பையைச் சேர்க்கவில்லை. இதை எடுத்துச் சொன்னேன்.

"அப்ப பையை விட்டுட்டு வாங்கோ."

பையை முதுகில் போட்டுக்கொண்டு ஏறினேன். முதல் நூறு மீற்றர் சைக்கிள் பாம்பு மாதிரிப் போனது.

"அசையாதேங்கோ! அரிசிமூடை மாதிரி இருங்கோ."

"பிடிக்க இடமில்லை."

"நாப்பத்திரண்டு வரியமா ஒரே வீட்டில இருக்கிறம். இடுப்பைப் பிடிக்க வெக்கமோ?"

பிடித்தேன். பந்தயச் சைக்கிள்காரர்கள் இறுக்கமான உடுப்புகளில் எங்களைத் தாண்டிப் போனார்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கிழவர் பெருவிரலைத் தூக்கிக் காட்டினார். பாராட்டு எனக்கில்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. முழங்கால் ஏதும் சத்தம் போடுகிறதா என்று காதைக் கொடுத்தேன். மோட்டர் மட்டும் மெல்ல இரைந்தது. ஒரு கிலோமீற்றர், இரண்டு, மூன்று... நான்காவதில் கேட்பதை நிறுத்திவிட்டேன். ஏனென்றால் அவள் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டிருந்தாள்.

சோலோதுர்ன் பெயர்ப்பலகை கண்ணில் பட்டுவிட்டது. அதற்கு முந்நூறு மீற்றர் முன்னால், பாதை தெருவில் ஏறும் இடத்தில், ஒரு பொலிஸ்காரர் கையை நீட்டினார்.

"ஐயாவுக்குச் சுகமில்லையா? அம்புலன்ஸ் கூப்பிடவா?"

"வேண்டாம். கால் பிடித்துவிட்டது. மற்றபடி கவலை மட்டும்தான்," என்றாள் பவளம். அவளுடைய ஜேர்மன் என்னுடையதைவிடச் சுத்தம்.

அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டத்தையும் சொன்னார். கரியரில் குழந்தையை, அதற்குரிய இருக்கையில் வைத்துக் கொண்டுபோகலாம். வளர்ந்த ஆளை ஏற்ற முடியாது. தண்டம் இருபது பிராங்.

யாழ்ப்பாணத்தில் ஒரு சைக்கிளில் மூன்று பேர் போவதைப் பற்றி அவருக்கு விளக்க வாயெடுத்தேன்.

"சும்மா இருங்கோ," என்றாள் பவளம் தமிழில். "உள்ள தண்டம் காணும், கூட்டவேண்டாம்."

நான் காசுப்பையைத் தொட்டேன்.

"கையை எடுங்கோ. ஓடினது நான். தண்டம் என்ர."

இரண்டு பத்துப் பிராங் தாள்களைக் கொடுத்துவிட்டு அவரிடமே கேட்டாள்: "சோலோதுர்ன் எங்கே தொடங்குகிறது?"

"அந்தப் பலகையில்."

ஏறி ஓடினாள். என் பாரம் இல்லாத சைக்கிள் நேராகப் போனது. பலகையைத் தாண்டி நின்று, ஒரேயொரு தடவை மணி அடித்தாள். நான் நொண்டி நொண்டிப் போய்ச் சேர எட்டு நிமிடம் ஆனது. அவ்வளவு நேரமும் காலை ஊன்றிக்கொண்டு அங்கேயே நின்றாள். வலது காலை.

படகில் இருந்து ஊஸ்டருக்கு, சிறீக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"தம்பி, சைக்கிள் இல்லை."

"என்னண்ணை, களவு போட்டுதோ?"

"இல்லை. சொந்தக்காரி குடுக்கமாட்டாவாம்."

"அப்ப நீங்கள் ஆர்?"

"நான் பின்னால இருந்தவன்."

அவருக்கு விளங்கவில்லை. நாளைக்கென்று வான் வாடகைக்கு எடுத்துவிட்டாராம். எண்பது பிராங். தருகிறேன் என்றேன்.

வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தேன். கைக்கு வராத ஆயிரத்து நூறு, வானுக்கு எண்பது, படகுக்கும் கோப்பிக்கும் எண்பத்துமூன்று. மொத்தம் ஆயிரத்து இருநூற்று அறுபத்துமூன்று பிராங். அந்த இருபது பிராங் தண்டத்தையும் சேர்க்கவா என்று பவளத்தைக் கேட்டேன் — தன் பெயரில் விழுந்ததை என் கணக்கில் எழுத வேண்டாமாம்.