தூண்டில் மாவு

மருமகள் சப்பாத்திக்கு மாவு பிசைய ஆரம்பித்தால் நான் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவேன். அந்தப் பச்சை மாவு வாசனை என்னை அடையாற்றங்கரைக் குடிசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடும்.

எழுபதுகளில் ஒரு மழைக்காலம். நைனாவுக்குக் கட்டட வேலை நின்றுபோய் இரண்டு வாரம். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரு பிடி கோதுமை மாவு.

"சுட்டா ஒரே ஒரு ரொட்டி. தூண்டில்ல வச்சா நாலு கெண்டையாவது மாட்டும்" என்றார் நைனா. நானும் தங்கச்சியும் மாவையே வெறித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தவர், மண்புழுக்களை நசுக்கி அதிலேயே போட்டுப் பிசைந்தார். "இப்ப எவ துன்றான்னு பாக்கறேன்."

தூண்டில் கழியை எடுக்க வெளியே போய்த் திரும்பியவர் கத்தினார். மாவு உருண்டையில் பாதியைக் காணோம்.

"நான் இல்ல நைனா!" சொல்லி முடிப்பதற்குள் கன்னத்தில் அறை விழுந்தது.

மூன்று நாளாகப் பால் வற்றிப்போன மாரில் கைக்குழந்தையைப் போட்டிருந்த அம்மா, என்னை இழுத்துக் கன்னத்தைத் தடவினாள். அவள் விரல்களில் பச்சை மாவும் புழுவும் நாறின.

நைனா தங்கச்சி பக்கம் கையை ஓங்கினார்.

"நான்தான் நைனா துன்னேன்" என்றேன்.