செல் பிரிக்கும் உச்சிமாகாளி

மைக்ரோஸ்கோப் மேசையின் கால்களைச் சுற்றி உச்சிமாகாளி எறும்புப் பொடி தூவிக்கொண்டிருக்கிறான். சோதனைக்கு வரும் ரத்தத்தைக் கழுவிச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்குவார்கள். எறும்புகளுக்கு அந்த விவரம் எப்படியோ தெரிந்துவிடுகிறது.

“உப்புத் தண்ணின்னா கரண்டு ஜாஸ்தி பாஞ்சு சூடாயிரும், அண்ணாச்சி. அதான் சீனித் தண்ணி” என்பான். தென்காசிப் பக்கத்துக்காரன், அதனால் எனக்கு இந்த வயதில் அண்ணாச்சிப் பட்டம்.

சேரப்பணஞ்சேரியில் இந்த ஷெட்டைக் கட்டியது நான். நாலாம் வகுப்போடு நின்று மண்வெட்டி பிடித்தவன். இன்று இன்ஜினியர்கள் என் ஷெட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஆகவே, “இன்னாபா பண்றே?” என்று எப்போது வேண்டுமானாலும் உள்ளே போவேன்.

விரல் நகம் அளவில் ஒரு கண்ணாடிச் சிப். அதில் தலைமுடி பருமனுக்கு ஒரு வாய்க்கால். வாய்க்காலின் தரையில் சீப்புப் பல்லாக உலோகக் கோடுகள். மின்சாரம் விட்டால் புற்றுநோய்ச் செல்கள் மட்டும் அந்தப் பற்களில் ஒட்டிக்கொள்ளும், மற்றவை ஓடிவிடும். பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. உச்சிமாகாளி அவற்றோடு பேசவே செய்வான்: “ஏல, எங்க ஓடுத? ஓரமா வா.”

போன மாதம் அவசரப்பட்டு வோல்டேஜை ஏற்றினான். செல்கள் பளிச்சென்று ஒட்டின. பிறகு பார்த்தால் ஒன்றுக்கும் உயிரில்லை. “அவிச்சுப்புட்டேன், அண்ணாச்சி” என்று மத்தியானச் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான்.

நேற்று ஆஸ்பத்திரிக்காரர்கள் இருவர் பார்க்க வந்தார்கள். மருந்து போட்டுப் பார்க்க அவர்களுக்குச் செல்கள் உயிரோடு வேண்டும். ஆர்டர் கிடைத்தால் இவன் வேலை நிரந்தரம். இல்லையென்றால் கம்பெனியை மூடிவிடுவார்கள். இவன் பழையபடி கார் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக லைனில் நிற்க வேண்டும்.

திரையில் செல்கள் சாவகாசமாக நகர்ந்தன. வந்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவனுக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முதலாளியம்மா சுபஸ்ரீக்கே நெற்றி வியர்த்துவிட்டது.

“கொஞ்சம் ஏத்துங்க, உச்சிமாகாளி.”

“ஏத்துனா ஒட்டும் மேடம். உசுரு இருக்காதுல்லா.”

“ஏத்தி வுடேன்பா, அவங்க கெளம்பிடப் போறாங்க” என்றேன் நான்.

அவன் திரும்பவில்லை. வோல்டேஜ் கூட்டும் குமிழை அப்படியே பிடுங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு ஒரு ஸ்டூலை எடுத்து வந்து, கடிகாரம் பார்த்தவருக்குப் பக்கத்தில் போட்டான்.