தவிட்டுப் பிள்ளையின் பிறப்புச் சான்று

வௌவால் எச்சமும், காய்ந்துபோன மாவுப் பசையும், மழையில் நனைந்து உலர்ந்த கோணியும் சேர்ந்தால் ஒரு வாடை வரும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் தாலுக்கா ஆபீஸின் பின்கட்டில், எல்லோரும் "ரெக்கார்டு ரூம்" என்று சொன்ன இருட்டறையின் வாசலில் நின்றபோது அந்த வாடைதான் முதலில் வந்தது. பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ குடோன்களில் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அதே வாடை வந்தால் இன்றைக்கும் என் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டு, காகிதம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறது.

எங்கள் ஊர் அதியமான்கோட்டையிலிருந்து உள்ளே போகும் மண் ரோட்டில் இருந்தது. அங்கே ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளிக்கூடம். மேலே படிக்க டவுனில் ஹாஸ்டலில் சேர வேண்டும், ஹாஸ்டலில் சேரப் பிறப்புச் சான்று வேண்டும் என்றார்கள். அப்பா அதை ஒரு பெரிய வேலையாக நினைக்கவில்லை. போனால் எழுதித் தரப்போகிறார்கள் என்று ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என்னையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

நான் பிறந்த காலத்தில் கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதி வைத்தவர் மணியக்காரர். அவருக்கு எடுபிடியாக இருந்த தலையாரி வீடு வீடாகப் போய் யார் பிறந்தார்கள், யார் செத்தார்கள் என்று கேட்டு வந்து சொல்வார். மணியக்காரர் தம் வீட்டில் உட்கார்ந்தபடியே எழுதுவார். மணியக்காரர் பதவியே இல்லாமல் போன பிறகு அந்தப் பதிவேடுகளெல்லாம் மூட்டையாகக் கட்டப்பட்டு தாலுக்கா ஆபீஸுக்கு வந்து சேர்ந்திருந்தன. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு கிளார்க் இருந்தார். மெலிந்த மனிதர், வாயில் எப்போதும் வெற்றிலை.

"எந்த வருசம்?" என்றார் கிளார்க்.

அம்மா, "ஏரி ஒடைஞ்ச வருசமுங்க" என்றாள்.

"ஏரிக்கெல்லாம் எங்ககிட்ட கணக்கு இல்லம்மா. வருசத்துக்குத்தான் கணக்கு."

"அதுக்கு மின்னாடி ரெண்டு தவறிப் போச்சுங்க. அதுங்க சாவு எழுதியிருந்தா, அதுக்குப் பின்னாலதான் இவன்."

கிளார்க் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாவுப் பதிவேட்டை எடுத்தார். வழி தெரிந்துவிட்ட மாதிரி அவர் விரல் பக்கங்களில் வேகமாகப் போனது. எனக்கு முன்னால் இரண்டு பேர் பிறந்து இறந்தார்கள் என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் படித்தார்: ஆண் குழந்தை, பெயர் வைக்கவில்லை, தகப்பன் கோவிந்தன், காரணம் பேதி. இன்னும் சில பக்கங்கள் தள்ளி: பெண் குழந்தை, பெயர் வைக்கவில்லை, தகப்பன் கோவிந்தன், காரணம் ஜன்னி.

"ஜன்னி இல்லீங்க, மாந்தம்" என்றாள் அம்மா. கடையில் சாமான் மாற்றிக் கொடுத்துவிட்டால் சொல்வதுபோல் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அந்த வருடத்துக்கு அடுத்த பிறப்புப் பதிவேட்டைப் புரட்டினார்கள். கோவிந்தன் என்ற பெயர் எங்குமே வரவில்லை. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, ஆனாலும் பதிவேட்டுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லா பாருங்க சார், பையன் நேர்ல நிக்கறான், காயிதத்துல மட்டும் எங்க போவான்?" என்றார். கிளார்க் சலித்துப்போய் அந்த ஆண்டில் எங்கள் ஊரில் பிறந்த எல்லோரையும் வரிசையாக உரக்கப் படிக்க ஆரம்பித்தார். பாதியில், ஆண் குழந்தை, தாய் மாதம்மாள், தகப்பன் கிருஷ்ணன் என்று வந்தபோது அப்பா சிரித்துவிட்டார்.

"அது தப்பு சார். கிருஷ்ணன் எங்க பக்கத்து வூடு. அவங்களுக்குப் புள்ளையே கெடையாது."

அம்மா சிரிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

அவள் அங்கே உட்கார்ந்தபடி சொன்னதுதான் இது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் செத்துப்போகும் வீட்டில் பிறகு பிறக்கும் பிள்ளையை அந்த வீட்டுப் பிள்ளையாக வைத்துக்கொள்ள மாட்டார்கள். பிறந்த கையோடு புழக்கடை வழியாகப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்துவிடுவார்கள். தீட்டுக் கழிகிற வரைக்கும் அது அவள் பிள்ளை. பெற்றவள் பால் கொடுக்கும் கூலிக்காரி மாதிரி போய்க் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம் ஒரு முறம் தவிடு கொடுத்துப் பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொள்வார்கள். ஊரில் என்னைத் "தவுட்டான்" என்று கூப்பிட்டது அதனால்தான். அப்படிப் பெயர் உள்ளவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்ததால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அந்த நாட்களில் யார் கேட்டாலும் பெற்றவள் என் பிள்ளை என்று வாய் திறக்கக் கூடாது; சொன்னால் முன்னதுகளைக் கொண்டுபோன சாவு காதில் வாங்கிக்கொண்டு இதையும் தேடி வரும். அந்த நாட்களில்தான் தலையாரி வந்திருக்கிறார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளை யாருடையது என்று, பால் கொடுக்கப் போயிருந்த அம்மாவிடம்தான் கேட்டிருக்கிறார்.

"மாதம்மா புள்ளைன்னு நாந்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "எமனுக்குத்தான் சொன்னேன். இவுரு எழுதிக்குவாருன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

தலையாரிக்கும் இந்த வழக்கம் தெரியாமல் இருந்திருக்காது. என்ன நினைத்து அப்படியே போய்ச் சொன்னார் என்று கேட்க அவர் உயிரோடு இல்லை. கிளார்க் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை, அந்த மாதம்மாளைக் கூட்டி வாருங்கள், இது என் பிள்ளை இல்லை என்று எழுதிக் கொடுத்தால் திருத்திவிடலாம் என்றார்.

மாதம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். எருமை வைத்துப் பால் ஊற்றினாள். எங்கள் வீட்டில் அடுப்பெரியாத நாட்களில் அவள் வீட்டில் தின்றிருக்கிறேன். மறு வாரம் அப்பா கூப்பிட்டதும், திருவிழாவுக்குக் கட்டும் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு மறுபேச்சில்லாமல் வந்தாள். கிளார்க் வரியைப் படித்துக் காட்டி, "இது யாரு பையன்?" என்று கேட்டார்.

"எம் பையன்தானுங்க" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். அவள் மறுபடியும் அதையே சொன்னாள்.

"ஏண்டி மாதம்மா, நான் தவுடு குடுத்து வாங்கிக்கிட்டேன் இல்ல?" என்றாள் அம்மா.

"குடுத்தியா? சீட்டு இருக்குதா?"

"முறத்தோட வாங்கி உன் எருமைக்குத்தான வெச்ச?"

"அப்ப எருமையக் கூட்டியாந்து சாட்சி சொல்லச் சொல்லு."

கிளார்க் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அப்பாவின் கை வேட்டியை மடித்துக் கட்டப் போய் அங்கேயே நின்றது. அப்போது மாதம்மா அவர்கள் யாரையும் பார்க்காமல், பதிவேட்டைப் பார்த்துச் சொன்னாள்:

"எம் பேருல எழுதப் போறாங்கன்னு தலையாரி சொல்லிட்டுப் போன அன்னிக்கே எனக்குத் தெரியும். மலடி மொவத்துல முழிச்சா வெளங்குமான்னு எங்க வூட்டு ஆளே கேக்கும். கேக்கறப்பெல்லாம், சர்க்காருல எனக்கு ஒரு புள்ள இருக்குதுன்னு நெனச்சுக்குவேன். சோறு நீ போட்டுக்க, கண்ணாலம் நீ பண்ணி வெய்யி, எனக்கு ஒண்ணும் வேணாம். அந்த ஒரு வரிய மட்டும் அடிக்கச் சொல்லாத புள்ள."

நான் யார் பிள்ளை என்று என்னைக் கேட்பார்களோ என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. கிளார்க், அவள் சம்மதிக்காமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, வேண்டுமானால் உள்ளது உள்ளபடி நகல் தருகிறேன், கிருஷ்ணன் மகன் என்று ஹாஸ்டலில் சேர்த்துவிடுங்கள், படிப்பு யார் பெயரில் இருந்தால் என்ன என்றார். அப்பா, "எம் புள்ளைய எவன் பேர்லயோ படிக்க வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். ஒரே பஸ்ஸில்தான் ஊர் திரும்பினோம். இரண்டு பெண்களும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள். வீடு வந்து சேரும்வரை அம்மா அவளோடு பேசவில்லை. மறுநாள் காலையில் அவளிடமே பால் வாங்கப் போய்விட்டாள்.

ஹாஸ்டல் கெடு முடிந்தது. என் படிப்பும் அதோடு முடிந்தது. சில வருடம் செங்கல் சூளையில் இருந்தேன். பிறகு லாரியில் கிளீனராக ஏறி ஹூப்ளி, பெல்லாரி, நாக்பூர் என்று போனேன். ஒரு இடத்தில் நிற்கிற புத்தி எனக்கு வரவே இல்லை. டிரைவராக லைசென்ஸ் எடுக்க வயதுக்கு அத்தாட்சி கேட்டார்கள். அப்பா அப்போது இறந்துவிட்டிருந்ததால் தடுக்க ஆள் இல்லை. பதிவேட்டில் உள்ளபடியே நகல் வாங்கிக் கொடுத்தேன். லைசென்ஸில் கிருஷ்ணன் மகன் என்று வந்தது. லைசென்ஸைக் காட்டி வாக்காளர் அட்டை, அதைக் காட்டி ஆதார் என்று ஒவ்வொன்றாக அந்தப் பெயரிலேயே வந்து சேர்ந்தன.

புருஷனுக்குப் பின் சில காலம் இருந்து மாதம்மாவும் இறந்தபோது நான் தற்செயலாக ஊரில் இருந்தேன். பங்காளிகள் யார் கொள்ளி வைப்பது என்று பேசிக்கொண்டு நின்றார்கள். அம்மாதான் என்னிடம் வந்து, "நீ போ" என்றாள். மொட்டை அடித்துக்கொண்டு போனேன்.

எங்கள் வீடும் மாதம்மா வீடும் இருந்த இடத்தில் இப்போது ரோடு அகலமாகிவிட்டது. பக்கத்தில் டீக்கடையும் பஞ்சர் கடையும் இருக்கின்றன. பிள்ளைகளை இப்போது ஆஸ்பத்திரியில் பெறுகிறார்கள். பிறந்த உடனே கையில் அம்மா பெயர் எழுதிய பட்டை ஒன்றைக் கட்டிவிடுவதால் புழக்கடை வழியாக யாரிடமும் கொடுக்க முடியாது. கொடுக்க வேண்டிய அளவுக்குப் பிள்ளைகள் சாவதும் இல்லை. பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த இருட்டறையை இடித்துவிட்டு வண்டி நிறுத்த ஷெட் போட்டிருக்கிறார்கள்.

போன வருடம் அம்மா, கடைசிக் காலத்தில் தங்கியிருந்த சித்தப்பா வீட்டிலேயே இறந்தாள். நான் வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மகன் கொள்ளி வைத்திருந்தான். இறப்பைப் பதிய நான்தான் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் என் ஆதாரை வாங்கிப் பார்த்து, இறந்தவர் கணவர் பெயரையும் என் தகப்பன் பெயரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணுங்க அண்ணா?"

சொல்லியிருக்கலாம். எங்கிருந்து தொடங்குவது என்று யோசித்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. திருத்துவதற்கு யாருடைய சம்மதம் வேண்டுமோ அவர்கள் ஒருவரும் இல்லை.

"பக்கத்து வூடுங்க" என்றேன்.

அண்டை வீட்டார் என்று அடித்தாள். திரையை என் பக்கம் திருப்பி, "சரியா இருக்கான்னு நல்லா படிச்சுப் பாத்துக்கங்க, அப்புறம் மாத்தறது கஷ்டம்" என்றாள். படித்தேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டேன்.