கரடிக்காரன் என்று நான் பெயரிட்ட மனிதர்

"அண்ணை, உங்கடை கரடிக்காரன் போயிட்டார். விடிய நெஞ்சுவலியாம்."

புலம்பெயர்ந்த நம்மவரின் கடைத்தெருவான லா சப்பலில், மளிகைக் கடையொன்றில் வெண்டிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த என்னிடம் கடைக்காரர் இப்படித்தான் சொன்னார். தவராசா என்ற பெயர் அவர் வாயில் வரவில்லை. வரத் தேவையும் இருக்கவில்லை. கரடிக்காரன் என்றால் இந்தத் தெருவுக்கே தெரியும். அந்தப் பெயரைச் சூட்டியவன் நான்.

தவராசா ஆய்வுக் கப்பலொன்றின் சமையற்காரர். அறிவியலாளர்களுக்குச் சோறாக்கியபடி ஒன்பது கோடைகள் வடமுனைக் கடலுக்குப் போய்வந்தவர். அங்கே பனிக்கரடிகள் படும் பாட்டைச் சொல்ல, நம் சங்கத்தின் ஆண்டுவிழாவில் பத்து மணித்துளி கேட்டார். எனக்கு இருபது, என்னை அடுத்து அவருக்குப் பத்து என்று ஒதுக்கினார்கள். நான் ஐம்பது மணித்துளி முழங்கினேன். நடுவே ஒரு துண்டுத்தாள் மேடைக்கு வந்தது. விரைவில் முடிக்கச் சொல்லி விழாக்குழு அனுப்பும் வழக்கமான தாள்தானே என்று, படிக்காமலே மேலங்கிப் பையில் திணித்தேன். முன்வரிசையில் காத்திருந்தவரைச் சுட்டிக்காட்டி, "நம் மண் எரிந்துகொண்டிருக்கிறது; இந்தக் கரடிக்காரரோ பனிக்கட்டிக்காக அழச் சொல்கிறார்!" என்றேன். அரங்கு அதிர்ந்தது. நண்பர்களே, நீங்களும் சிரித்தீர்கள். அரங்கைப் பூட்டும் நேரம் வந்தது. அவர் பேசவே இல்லை.

வாயிலில் அவரைக் கண்டபோதும் என் பகடி அடங்கவில்லை. "கரடிக்கு அப்படி என்னதான் குறை, தவராசா?"

அவர் சினக்கவில்லை. "அது கடற்பனியிலை நிண்டுதான் அண்ணை கடல்நாயைப் பிடிக்கும். பனி வேளைக்கே உடைஞ்சால் கரையிலை ஏறிக் காத்திருக்க வேணும். உடம்புக் கொழுப்பிலைதான் சீவியம். தாய் மெலிஞ்சால் பால் வத்தும், குட்டி தங்காது."

"நீந்தத் தெரியுமெல்லோ?"

"நல்லா நீந்தும். ஆனா தண்ணிக்குள்ளை கடல்நாயை வெல்லேலாது. எங்களுக்கு நிலம் போன மாதிரி அதுக்குப் பனி. உங்களுக்கெண்டாலும் விளங்கும் எண்டு நினைச்சன்."

நிலத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் முழங்கியவன் நான். "அடுத்த விழாவில் பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு மெட்ரோவை நோக்கி நடந்தேன். அடுத்த விழாவிலும் அதற்கடுத்த விழாவிலும் நானேதான் பேசினேன்.

அவருடைய இறுதி வணக்கத்தில் பேச என்னை அழைத்தார்கள். அந்த ஆண்டுவிழாவில் பேசவென்று அவர் எழுதிவைத்திருந்த தாள்களை அவர் மனைவியிடம் கேட்டு வாங்கி, ஒரு சொல்லும் கூட்டாமல் படித்தேன். ஏழு மணித்துளியில் முடிந்துவிட்டது. பத்துக்கூட அவருக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது வேறொன்று. இறுதி வணக்கத்துக்குப் புறப்படுமுன், மேடைக்கென்றே வைத்திருக்கும் மேலங்கியின் பையைத் துழாவினேன். பல விழாக்களில் நான் படிக்காது திணித்த துண்டுகள் கசங்கிக் கிடந்தன. அவற்றுள் ஒன்று விழாக்குழு எழுதியதன்று.

"அண்ணை, எனக்கு இரண்டு நிமிடம் விட்டாலும் போதும். தவராசா."

இனி நான் பேசும் மேடைகளில் எல்லாம் அது என் கண்முன் விரிந்து கிடக்கும்.