மாப்பிள்ளை கொடுத்த கதைப்புத்தகம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. பதினொன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான். பஸ்ஸில் இறங்கவேண்டிய இடம் வந்தும் கண்டக்டரிடம் சொல்ல வாய் வராமல், அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவளை எழுத வைத்தது என் மகள் வாங்கும் வார இதழ்தான்.

அதில் எழுத்தாளர்கள் வாரத்துக்கு ஒருவராக, தங்களை உருவாக்கிய சிறுவயதுப் புத்தகத்தைப் பற்றி எழுதுகிறார்கள். எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. ஒரு மழைநாள் வரும். அட்டை போன ஒரு புத்தகம் வரும். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு இவர்கள் சோறு தின்றிருக்கமாட்டார்கள். அதோடு வாழ்க்கையே மாறிப்போயிருக்கும். அம்மை குத்தின தழும்பு எல்லார் கையிலும்தான் இருக்கிறது. அதற்காக யாரும் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தெருத்தெருவாகக் காட்டிக்கொண்டு போவதில்லை.

போன வாரம் எழுதியவரை எனக்குத் தெரியும். அவரை உருவாக்கிய புத்தகத்தையும் தெரியும். கட்டுரையின் கடைசியில் நாலு வரி எழுதியிருந்தார். அந்தப் புத்தகத்தில் வரும் பெண்ணைப் பிற்காலத்தில் மரக்காணத்து உப்பளத்தில் நேரிலேயே கண்டாராம். வெள்ளைக் குவியல்களுக்கு நடுவில் நின்றாளாம். கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

அந்தப் பெண் நான்தான். நான் பேசினேன்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. உப்பளத்துக்குப் போகும் சாலையில் எங்களுடையது கடைசி வீடு. அப்பா அம்மா இல்லை. அண்ணன் உப்பு லாரிகளுக்குச் சுமை ஏற்றிவிடும் மேஸ்திரி. நான் பக்கத்துக் கொட்டகையில் கோணி தைப்பேன். உப்பு நிரப்பின கோணியின் வாயைச் சணல் கோத்த ஊசியால் தைத்து மூடுகிற வேலை. அவசரப்பட்டால் ஊசி விரலில் ஏறும். ஏறின ஓட்டைக்குள் உப்பு இறங்கும். அதற்கப்புறம் இரண்டு நாள் சோறு பிசைய முடியாது.

எனக்கு வயது ஏறிக்கொண்டே போனது. பெண் பார்க்க வந்தவர்கள் காப்பியைக் குடித்துவிட்டு, "பொண்ணு வாயே தெறக்கலியே, பேச்சு வருமா?" என்று அண்ணியை ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போவார்கள். போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள்.

அந்தக் கட்டுரைக்காரர் அப்போது பாண்டிச்சேரியில் ஓர் ஆபீசில் வேலை பார்த்தார். பத்திரிகைகளில் கதையும் எழுதுவார் என்று தரகர் சொன்னதை அண்ணன் ஒரு சின்ன வியாதி மாதிரி எடுத்துக்கொண்டார். "அதெல்லாம் கல்யாணம் ஆனா சரியாப் பூடும்" என்றார்.

அவர் அவருடைய அம்மாவோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் காப்பி கொண்டு போய் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நின்றேன். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் உப்புக் குவியல்கள்தான் தெரியும். அவர் என்னைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார், மறுபடியும் என்னைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது.

"உங்க தங்கச்சி எப்பவுமே இப்படிப் பேசாமதான் இருப்பாங்களா?" என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் இதுவும் போச்சு என்று நினைத்துக்கொண்டு, "இல்லீங்க, பேசும். கொஞ்சம் கூச்சம். போன வாரம் காய்ச்சல் வேற" என்று உளறினார்.

"பேசவேணாங்க. இப்படியே இருக்கட்டும்" என்றார் மாப்பிள்ளை.

கதவுக்குப் பின்னால் நின்ற அண்ணி என் இடுப்பில் கிள்ளினாள். "மாதா உனக்குன்னே ஒருத்தன செஞ்சி அனுப்பியிருக்காங்கடி. வாய மூடிக்கினு இரு, போதும்."

எனக்கும் அந்தக் கல்யாணம் வேண்டும் என்றுதான் இருந்தது. கோணி ஊசியை விட்டுவிட்டுப் போகலாம். பாண்டிச்சேரி வீட்டில் சமையலறைக்கு உள்ளேயே குழாய் இருக்கிறது என்று அவருடைய அம்மா சொன்னார். அந்தக் குழாயைப் பற்றி நான் நிறைய நினைத்தேன். நிச்சயம் செய்த அன்று, யாரும் கவனிக்காதபோது அவர் என் பக்கம் குனிந்து, "உன் மௌனத்துக்குள்ள ஒரு விளக்கு எரியுது" என்றார். என்னிடம் அதுவரை ஒருவரும் அந்த மாதிரி எதையும் சொன்னதில்லை. கோணி தைக்கும்போதெல்லாம் அதை மனதுக்குள் எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

எங்கள் சனங்களில் நிச்சயம் ஆனதும் மூன்று ஞாயிறு மாதாகோயில் பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் படிப்பார். மூன்றாவது ஓலையும் ஆகிவிட்டால் தாலி கட்டின மாதிரிதான். முதல் ஓலைக்குப் பிறகு முறிந்தால் ஊர் கொஞ்ச நாள் பேசும். இரண்டாவதுக்குப் பிறகு முறிந்தால் அந்தப் பெண்ணுக்குக் கல்லறையில் கல் வைக்கிறவரைக்கும் பேசும்.

முதல் ஓலை வாசித்த பிறகு மாப்பிள்ளை ஒரு பொட்டலத்தோடு வந்தார். காலண்டர் தாளில் அழகாக மடித்துச் சுற்றியிருந்தது. வாட்ச் என்று அண்ணி நினைத்தாள். பிரித்தால் ஒரு குழந்தைகள் கதைப்புத்தகம். அட்டையில் பனிமலை. உள்ளே முதல் பக்கத்தில் பென்சிலால் யானை வரைந்திருந்தது. ஏதோ ஒரு காலத்துக் குழம்புக் கறையும் இருந்தது.

"சின்ன வயசுல இருந்து இதுதான் எனக்கு எல்லாம். நான் எழுதுற ஒவ்வொரு வரியும் இதுலேருந்துதான் வருது" என்றார். "இதைப் படி. படிச்சிட்டு எப்படி இருந்துச்சுன்னு சொல்லு. இதைப் படிச்சா என்னையே படிச்ச மாதிரி."

அவர் போனதும் அண்ணி புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பொடவ வாங்கியாந்திருந்தா கட்டிக்கலாம். இத்த வச்சிக்கினு இன்னா பண்றது?"

அவர் எழுதிய கதைகளையும் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். முதலில் அதைத்தான் படித்தேன். எல்லாக் கதையிலும் ஒரு பெண் வந்தாள். அவள் பேசமாட்டாள். கையில் ஒரு விளக்கு வைத்திருப்பாள். ஒரு கதையில் அவள் மீன் விற்கிறவள். அதிலும் பேசவில்லை. வாயைத் திறக்காத மீன்காரி கோட்டக்குப்பத்திலிருந்து கோடியக்கரை வரைக்கும் எந்தச் சந்தையில் இருக்கிறாள்? மீனெல்லாம் நாறிப்போயிருக்கும். அந்தக் கதைக்குப் பரிசு வேறு கொடுத்தார்களாம்.

பிறகு புத்தகத்தைப் படித்தேன். லாரி வராத ஒரு மத்தியானம், கோணிக் கட்டின் மேல் உட்கார்ந்து முழுதாகப் படித்து முடித்தேன். பனிமலை நாட்டுக்கு ஒரு வழிப்போக்கன் போகிறான். அங்கே ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் விளக்கோடு நிற்கிறாள். சூடாகப் பால் கொடுக்கிறாள். பேசவில்லை. அவன் குடித்துவிட்டு ஊர் உலகம் சுற்றப் போய்விடுகிறான். மிருகங்களைக் கொல்கிறான், கப்பலில் போகிறான், ராஜாக்களோடு விருந்து சாப்பிடுகிறான். தலை நரைத்த பிறகு திரும்பி வருகிறான். அவள் அதே வாசலில் அதே விளக்கோடு நிற்கிறாள். அதே பாலைக் கொடுக்கிறாள். அது இன்னும் சூடாக இருக்கிறது. அதோடு கதை முடிகிறது. கடைசிப் பக்கத்தில் தாள் உப்பியிருந்தது. அந்த இடத்தில் இப்போதும் அழுதுவிடுவேன் என்று அவரே சொல்லியிருந்தார். மீசை வைத்த மனிதர், பால் ஆறவில்லை என்று அழுதிருக்கிறார்.

இதுகூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். குழந்தைகள் புத்தகம்தானே. நடுவில் ஒரு பக்கத்தில், வழிப்போக்கன் முதல்முறை பாலைக் குடித்துவிட்டு அவளைப் பார்த்துச் சொல்கிறான்: "உன் மௌனத்துக்குள் ஒரு விளக்கு எரிகிறது." அந்த வரியின் அடியில் பென்சில் கோடு இருந்தது. சின்னப் பிள்ளை போட்ட கோணல் கோடு.

அப்புறம் நாலு கோணி தைத்தேன். நாலும் பிரிந்துபோய் மறுபடி தைக்கவேண்டியிருந்தது.

இரண்டாவது ஓலையையும் வாசித்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் பெண்கள் என் கையைப் பிடித்துப் பிடித்து வாழ்த்தினார்கள். மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள், சனிக்கிழமை மத்தியானம், புத்தகத்தைப் பற்றிக் கேட்க வருவதாக மாப்பிள்ளை சொல்லியனுப்பினார். புத்தகம் பிடிக்கவில்லை என்று நான் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து பாதியில் எழுந்து வந்தார்.

"பாப்பா, நல்லா இருக்குதுன்னு சொல்லிடு. ஒரே வார்த்த. என்னா கொறஞ்சிடப் போவுது?"

"எனக்குப் பிடிக்கலண்ணா."

"எனக்குந்தான் இந்த லாரி ஓனரப் பிடிக்கல. தெனம் வணக்கம் வைக்கிறேன் இல்ல?"

அண்ணி சொன்னாள்: "கல்யாணம் ஆவட்டும்டி. அப்புறம் அந்தப் புத்தகத்த அடுப்புலகூடப் போடு. நானே கெரசின் ஊத்துறேன்."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஒரே வார்த்தைதான். ஆனால் அந்த 'ஒரே வார்த்தை' என்ற பேச்சு என்னை வேறெங்கோ கொண்டு போனது. ஞானோபதேச வகுப்பில் எனக்குப் பரிசாகக் கிடைத்த ஒரு சின்னப் புத்தகம் உண்டு. வேதத்துக்காக உயிர்விட்ட ஒரு பெண்ணின் கதை. அரசன் அவளிடம், 'ஒரே ஒரு வார்த்தை சொல், விட்டுவிடுகிறேன்' என்பான். அவள் சொல்லமாட்டாள். சிங்கத்திடம் விட்டுவிடுவார்கள். படத்தில் அந்தச் சிங்கங்கள் தெருநாய் மாதிரி இருக்கும். அப்படியும் அதைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன். இத்தனை வருஷம் கழித்து, ஒரு குழாய்த் தண்ணீர் வீட்டுக்கும் எனக்கும் நடுவில் அந்த நாய்ச்சிங்கங்கள் வந்து நின்றன. அவர் பனிப்பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார், நான் சிங்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். நல்ல பொருத்தம். பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கிறவர்கள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுக் கொடுக்கலாம்.

மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தார். அண்ணன் எதிரில். அண்ணி காப்பியோடு. நான் அதே ஜன்னல் பக்கம்.

"படிச்சியா?"

தலையாட்டினேன்.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருக்குதுன்னு சொல்லிச்சுங்க மாப்ள. நேத்துகூட—" என்று அண்ணன் ஆரம்பித்தார்.

"அவளே சொல்லட்டும் மச்சான்."

எதைச் சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. வந்தது இதுதான்: "மாட்டை யார் கறந்தாங்க?"

"என்ன?"

"பால் குடுக்குறாளே. பனிமலையில மாடு ஏதுங்க? அவ வாசல்லயே நின்னா மாட்டை யார் பாத்துக்கிறது?"

அவர் சிரித்தார். "அது கற்பனை. அப்படியெல்லாம் கேக்கக்கூடாது."

"அவ என்ன நெனச்சான்னு ஒரு எடத்துலகூட இல்லீங்களே."

"அதுதானே அழகு."

"அவளுக்குக் கால் வலிச்சிருக்கும்" என்றேன். ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது எப்படி என்று எனக்குப் பழக்கம் இல்லை. "அவன் ஊரச் சுத்தி விருந்து தின்னுட்டு வர்றான். இவ பால ஆறாம வச்சிக்கினு நிக்கிறா. எனக்கு அவளப் பாத்தா பாவமா இல்ல, எரிச்சலா இருந்துச்சு. விளக்கு எரியுதுன்னு அவன் சொல்றான். எண்ணெய் யார் ஊத்துனாங்க? அத நீங்க எங்கிட்ட சொன்னப்ப நீங்களா சொல்றீங்கன்னு நெனச்சேன்."

அண்ணி காப்பி டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

அவர் புத்தகத்தை எடுத்தார். அட்டையில் என் பெருவிரல் பட்ட இடத்தில் உப்பு பூத்திருந்தது. கைக்குட்டையால் அதைத் துடைத்தார். பனிமலைப் படத்தில் உப்பு இருந்தால்தான் என்ன என்று நினைத்தேன், ஆனால் அதைச் சொல்லவில்லை. அதுவரை என்னை 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவர் அப்போது மாறினார்.

"நீங்க இவ்வளவு பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார்.

காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனார். அண்ணன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே ஓடினார். "மாப்ள, புத்தகத்துக்காவா? ஏம்பா, ஒரு புத்தகத்துக்காவா?" என்று கேட்டுக்கொண்டே போனது தெருவுக்கெல்லாம் கேட்டது. அண்ணி என்னைத் திட்டவில்லை. "மாட்ட யார் கறந்தா இன்னாடி? நாம கறக்கப் போறமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஆறின காப்பியை இரண்டாக ஊற்றி எனக்குப் பாதி கொடுத்தாள்.

அண்ணன் பொழுது சாயத் திரும்பி வந்தார். மாப்பிள்ளை நேராகச் சாமியார் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டுத்தான் பஸ் ஏறினார் என்றார். என்ன தடை என்று சாமியார் கேட்டதற்கு, "மனசு ஒத்துப்போகல" என்றாராம். சாமியார் என்னையும் கூப்பிட்டனுப்பி, "உன் பக்கம் ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று கேட்டார். அங்கே நான் ஒன்றும் பேசவில்லை. அதை வேண்டுமானால் அவர் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம்.

மறுநாள் பூசையில் வேறு ஒரு ஜோடியின் முதல் ஓலையை மட்டும் வாசித்தார்கள். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்பு வைத்துச் சாப்பிட்டோம்.